புது நெல்லைத் தோற்கடிக்க நாலு வழி

மாப்ளே, நாட்டுல நெல்லுக்காகப் பேச ஆளுக்குப் பஞ்சமே இல்ல. மந்திரி பேசறாரு. விஞ்ஞானி பேசறாரு. பச்சைத் துண்டு போட்டவங்க பேசறாங்க. டிவியில ரெண்டு பேரு எதிரும் புதிருமா உக்காந்துக்கிட்டு, ஆயுசுல நாத்தங்காலை மிதிக்காமயே ராத்திரி பூரா நெல்லைப் பத்திப் பேசறாங்க. நோய்க்குப் பரிஞ்சு பேச மட்டும் ஒரு நாதி கெடையாது. அதுவும் நம்ம சீமைக்குப் பழசுதான். 1919-லயே தஞ்சாவூர் டெல்டாவுல குலைநோய் பெருவாரியா வந்து வெள்ளாமையைச் சாய்ச்சுதுன்னு புத்தகத்துல போட்டிருக்கறதை நீயேதான் படிச்சுக் காட்டுனே. நூறு வருசத்துக்கு மேல நம்மகூடவே இருக்கறதுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டாமா? அதனால இன்னைக்கு நான் நோய்க் கட்சி. நீ வேளாண்மைக் காலேஜுல படிச்சவன், நெல்லுக் கட்சியில இரு. யாரு ஜெயிக்கறான்னு பாப்போம்.

முதல்ல உன் கட்சியோட பெருமையைச் சொல்லிடறேன். மாமன் ஓரவஞ்சனை பண்ணிட்டாருன்னு பின்னால பேச்சு வரக்கூடாது.

2025 மே மாசம் டெல்லியில மத்திய வேளாண் மந்திரி மரபணு திருத்துன நெல்லு ரெண்டை வெளியிட்டாரு. உலகத்துலயே இதுல நாமதான் முதல்னு மார் தட்டிக்கிட்டாங்க. ஒண்ணு, ஐதராபாத்துல இருக்கற இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் செஞ்ச டிஆர்ஆர் தான் 100. செல்லப் பேரு கமலா. நம்ம ஆளுங்க ஆந்திரா பொன்னின்னு நடறாங்களே, அந்த பிபிடி 5204 சம்பா மசூரியில ஒரு மரபணுவைத் திருத்திச் செஞ்சது. கதிருக்கு மணி கூடுதல், வயசும் இருபது நாளு கம்மிங்கறாங்க. இன்னொண்ணு டெல்லி பூசாவுல செஞ்ச பூசா டிஎஸ்டி ரைஸ் 1. எம்டியூ 1010-ல இருந்து வந்தது. உப்பும் வறட்சியும் தாங்குமாம். ரொம்ப சந்தோசம். ‘இதுல நோய் தாங்கறது எது?’ன்னு கேட்டேன். நீ போனைத் தேச்சுக்கிட்டே இருந்தே. அங்கதான் என் கட்சிக்கு முதல் சுத்துல ஜெயம். மரபணுவை வெட்டித் திருத்தற கத்தரி கையில வந்ததும் எல்லாரும் முதல்ல மணியைத்தான் எண்ணறாங்க. நோய் வரிசையில பின்னால நிக்கிது.

ஆனா நிக்கிற எடத்துல சும்மா நிக்கல, வேலை நடக்குது. அதையும் மறைக்கப்படாது.

இலைக்கருகல் தெரியுமில்ல? அடைமழை விட்டு வெயில் எட்டிப் பாத்ததும், இலை நுனியில இருந்து ரெண்டு ஓரமும் மஞ்சளாகி, நெளிநெளியா கீழ எறங்கி, கடைசியில வைக்கோல் நெறத்துக்குப் போயிடுமே, அது. நம்ம ஊர்ல பாதிப்பேரு அதைச் சத்துக் குறைச்சல்னு நெனைச்சுக்கிட்டு உரக்கடைக்கு ஓடுவான். நீ ஒண்ணு செய். மஞ்சளும் பச்சையும் சேர்ற எடத்துல இலையை ஒரு துண்டு வெட்டு. கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணி ஊத்தி, வெட்டுன முனையைத் தண்ணியில தொங்கவிட்டு, வெளிச்சத்துக்கு நேரா பிடி. கொஞ்ச நேரத்துல வெட்டுவாயில இருந்து கலங்கலா ஒரு நூல் எறங்கும். அந்த நூல் பூரா பாக்டீரியா. சத்துக் குறைச்சலா இருந்தா நூல் எறங்காது. செலவு ஒரு டம்ளர் தண்ணி. காலேஜுல இதுக்கு என்ன மார்க்கு போட்டாங்களோ தெரியாது, வயல்ல முழு மார்க்கு.

அந்தப் பாக்டீரியா எதுக்காக இலைக்குள்ள போகுது? சர்க்கரைக்குத்தான். இலை சமைக்கிற சர்க்கரை செல்லுக்குள்ள பத்தாயத்துல பூட்டி வச்ச மாதிரி இருக்கு. இவன் கள்ளச்சாவியோட வர்றான். அவன் உள்ள ஏத்தற ஒரு புரதம் நேரா நெல்லோட டிஎன்ஏவுல போயி, ‘ஸ்வீட்’னு பேரு வச்சிருக்கற மரபணுவுக்கு முன்னால இருக்கற எடத்துல ஒட்டிக்கிது. பூட்டுத்துளை அதுதான். சாவி விழுந்ததும் கதவு தெறந்துக்கும், சர்க்கரை வெளிய கசியும், திருடன் தின்னு பெருகுவான். இந்த மாதிரிக் கதவு மூணு, கள்ளச்சாவி ஆறு தினுசுன்னு கண்டுபுடிச்சு வச்சிருக்காங்க.

‘அப்ப கதவையே பேத்து எடுத்துட்டா?’ன்னு உன்னை மாதிரி அவசரக்காரன் கேப்பான். எடுத்தா நெல்லே போச்சு. மகரந்தம் தேறவும் மணி பால் பிடிக்கவும் சர்க்கரை அந்த வழியாத்தானே போகணும்? அதனால விஞ்ஞானிங்க கதவை விட்டுட்டாங்க. பூட்டுத்துளையில மட்டும் சில எழுத்தை மாத்துனாங்க. செடிக்கு வழக்கம்போல தெறக்கும். கள்ளச்சாவி மட்டும் உள்ள போகாது.

இதுல எனக்கே சிரிப்பு வந்த சங்கதி ஒண்ணு இருக்கு. 2012-ல அமெரிக்காவுல அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல பிங் யாங்னு ஒருத்தரும் அவரு கூட்டாளிங்களும் இந்த வேலையை முதல்ல செஞ்சப்ப, அவங்க கையில இருந்த கத்தரிக்கு டாலென்னு பேரு. அது எதுல செஞ்சதுங்கறே? இதே ஜாதி பாக்டீரியாவோட புரதத்துல செஞ்சது. திருடன்கிட்ட இருந்த கள்ளச்சாவியை ராவிக் கத்தரியாக்கி, அதை வச்சே பூட்டை மாத்திப்புட்டாங்க! அப்புறம் கிரிஸ்பர்ங்கற கத்தரி வந்துது. அதுக்குத்தான் 2020-ல ஜெனிபர் டௌட்னாவுக்கும் எம்மானுவேல் சார்பென்டியேவுக்கும் வேதியியல் நோபல் குடுத்தாங்க. அதுவும் பாக்டீரியாகிட்ட இருந்து எடுத்த சரக்குதான். தன்னைத் தாக்கற வைரசை வெட்டறதுக்கு அது வச்சிருந்த ஆயுதம். 2019-ல பிலிப்பைன்சுல இருக்கற ஐஆர்ஆர்ஐங்கற நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்த ஒரு பன்னாட்டுக் கூட்டம் கிரிஸ்பரை வச்சு மூணு கதவோட பூட்டையும் மாத்தி, ஐஆர் 64, சிஹெராங் சப்1-ங்கற ரெண்டு நெல்லு ரகத்துலயும் பலதரப்பட்ட பாக்டீரியாவை நிறுத்திக் காட்டுச்சு. 2023-ல கிழக்கு ஆப்பிரிக்காவுல வெளையற கோம்போகாங்கற ரகத்துலயும் அதே வேலை முடிஞ்சுது. அந்தச் சேதி வந்தன்னைக்கு என் கட்சி ஆபீசுல கொடி அரைக்கம்பத்துல.

குலைநோய்க்கும் வருவோம். மார்கழிப் பனி இலையில நிக்கிறப்ப, கண்ணு வடிவத்துல புள்ளி விழும். நடுவுல சாம்பல், ஓரத்துல பழுப்பு. அதோட விட்டா பொழைச்சோம். கதிர் வந்தப்புறம் கழுத்துல பிடிச்சுதுன்னா கணு கறுத்து, கதிர் ஒடிஞ்சு தொங்கி, மணி பூரா கருக்காய். சீனாவுல வூகான் நகரத்து ஹுவாஜோங் வேளாண் பல்கலைக்கழகத்துல குவோத்தியன் லி கூட்டத்துக்கு ஆர்பிஎல்1-ங்கற மரபணு பழுதான ஒரு செடி கெடைச்சுது. நோய் எதுவும் அண்டல. அதிசயந்தான்! மகசூலை அளந்து பாத்தா இருபதுல ஒரு பங்கு. நோயும் வரல, நெல்லும் வரல. இந்த மாதிரி எதிர்ப்புச் சக்தி நம்ம தரிசு நிலத்துக்கு எப்பவும் உண்டு. ஆனா அவங்க அதோட மூட்டை கட்டல. அதே மரபணுவை விதவிதமா வெட்டிப் பாத்து, நோயும் தாங்கி மகசூலும் குறையாத ஒரு வெட்டைக் கண்டுபுடிச்சு 2023-ல வெளியிட்டாங்க. ஒண்ணை மட்டும் கவனிச்சுக்கோ: அவங்க பாத்தது கிட்டாக்கேங்கற சோதனை ரகத்துல, சின்ன வயல்ல. அது ஜெயிச்சுதுன்னா நம்ம ஊர் தாளடியிலயும் ஜெயிச்ச மாதிரின்னு யாராவது சொன்னா, முதல்ல அவனை நம்ம வயல்ல எறங்கச் சொல்லு.

துங்ரோங்கற வைரசு நோய்க்கும் 2018-ல ஐஆர்ஆர்ஐயில ஐஆர் 64-ஐத் திருத்திப் பாத்திருக்காங்க. வைரசு பெருகறதுக்குச் செடிகிட்ட கைமாத்தா வாங்கற ஒரு புரதம் இருக்கு. அந்த மரபணுவுல கொஞ்சம் மாத்துனா வைரசுக்கு உதவி நின்னு போகுது. வெவரம் அவ்வளவுதான்.

இப்ப, ‘கத்தரி போட்ட நெல்லைத் தின்னா வம்சம் வெளங்காது’ன்னு டீக்கடையில பேசறாங்களே, அவங்ககிட்ட ஒரு கதை சொல்லு. கிச்சிலி சம்பான்னு நம்ம பாட்டிமாரெல்லாம் உருகுவாங்கல்ல, அந்த ஜிஇபி 24 எங்க இருந்து வந்துது? கோயம்புத்தூர் பண்ணையில கோணமணிங்கற நெல்லுக்குள்ள தானா ஒரு மாறுதல் வந்து நின்ன செடி. பார்நெல்லுன்னு ஒரு வெள்ளைக்காரத் தாவரவியலாளர் கண்ணுல பட்டு, 1921-ல வெளிய விட்டாங்க. அப்ப கத்தரியும் இல்ல, கிரிஸ்பரும் இல்ல. எழுத்தை மாத்துனது இயற்கை. அந்தக் கிச்சிலியோட வாரிசுதான் பாபட்லாவுல கலப்பு செஞ்ச சம்பா மசூரி. அந்தச் சம்பா மசூரியைத் திருத்துனதுதான் கமலா. அதனால கமலாவுக்குப் பூர்வீகம் கோயம்புத்தூருன்னு நாம சொந்தம் கொண்டாடலாம். பாட்டிக்குத் தானா நடந்தது பேத்திக்குத் திட்டம் போட்டு நடந்திருக்கு. இந்த ரக வெட்டுல வேற உயிரோட மரபணு எதையும் செடியில மிச்சம் வைக்கறதில்ல. கத்தரியைச் செடிக்குள்ள விடறாங்க, வேலை முடிஞ்சதும் அடுத்த தலைமுறையில கத்தரி இல்லாத செடியாப் பாத்துப் பொறுக்கிக்கறாங்க.

அதுக்காக, ‘கேள்வியே கேக்காதே, எல்லாம் விஞ்ஞானம்’னு அதட்டறவனையும் நம்பாதே. வெளி மரபணு மிச்சமில்லேன்னு நிரூபிச்சுட்டா, மரபணு மாற்றுப் பயிருக்கு இருக்கற நீளமான அனுமதி வழி இதுக்கு வேண்டாம்னு 2022 மார்ச்சுல சுற்றுச்சூழல் அமைச்சகம் சொல்லிடுச்சு. சரி, வழி குறுகட்டும். குறுக்கு வழியில போறவன் மடியை அவுத்துக் காட்டிட்டுப் போகணுமா இல்லையா? நெனைச்ச எடத்துல மட்டுந்தான் வெட்டு விழுந்துதா, வேற எங்கயாவது பட்டுதா, எத்தனை ஊர்ல எத்தனை பட்டம் வெதைச்சுப் பாத்தாங்க, என்ன வெளைஞ்சுது, எல்லாத்தையும் பொதுவுல வைக்கட்டும். கல்யாணத் தரகன்கிட்டயே நூறு கேள்வி கேக்கற ஜனம் நாம. சோத்துக்குக் கேக்கப்படாதா?

உன் கட்சிப் பெருமை முடிஞ்சுது. இப்ப என் கட்சிக்கு வருவோம். அந்த நோய் எதிர்ப்பு நெல்லு நாளைக்கே நம்ம ஊருக்கு வந்துடுதுன்னு வச்சுக்கோ. கவலையே படாதே. அதை மூணே போகத்துல மண்ணைக் கவ்வ வைக்கறதுக்கு நம்மகிட்ட வித்தை இருக்கு. லேப்ல பத்து வருசம் தலையைப் பிச்சுக்கிட்டுச் செய்யறதை வரப்புல நின்னே கவுத்துடலாம். நாலு வழி சொல்றேன், எழுதிக்கோ.

முதல் வழி: வேதாரண்யத்துல இருந்து கல்லணை வரைக்கும் அந்த ஒரே ரகத்தையே போடு. பக்கத்து வயக்காரன் அதைப் போட்டான்னா நீயும் போடு. வியாபாரி அதுக்குத்தான் வெலை குடுக்கறான்னு சொல்லிக்கோ. கோடி கோடியா இருக்கற குலைநோய்ப் பூசண வித்துல ஒண்ணு ரெண்டு தினமும் தன்னைத்தானே மாத்திக்கிட்டுத்தான் இருக்கு. ஊர்ல பத்து ரகம் இருந்தா, ஒரு ரகத்துக்குப் பழகுன வித்து அடுத்த வயல்ல போயி விழுந்து பட்டினி கெடக்கும். ஒரே ரகமா இருந்தா? ஒண்ணு பழகுனா போதும், கல்லணை வரைக்கும் இலை போட்டு விருந்து. தென் கொரியாவுல இதைப் பண்ணிப் பாத்துட்டாங்க. 1970-கள்ல டோங்கில்னு ஒரு நெல்லு; குலைநோய் தாங்கும், மகசூல் குமியும், அரசாங்கமே முன்னால நின்னு நாடு பூரா நடச்சொல்லுச்சு. நட்டாங்க. பூசணத்துல புது இனம் கிளம்புச்சு, 1978-ல குலைநோய் பரவி அந்த ஜாதி நெல்லு எல்லாம் அடிவாங்குச்சு. என் கட்சி சரித்திரத்துல பொன்னெழுத்து.

இதுக்கு நேர் எதிரா என் கட்சி மானம் போன எடமும் ஒண்ணு உண்டு, சொல்லாம விட்டா பாவம். சீனாவுல யுன்னான் மாகாணத்துல 1998, 1999 ரெண்டு வருசம் ஆயிரக்கணக்கான விவசாயிங்க ஒரு வேலை செஞ்சாங்க. குலைநோய்க்குச் சீக்கிரம் விழற பசை நெல்லைத் தனியா நடாம, நோய் தாங்கற நெல்லுக்கு நடுநடுவுல வரிசையா நட்டாங்க. தனியா நட்ட வயலோட ஒப்பிட்டா நோய் 94 சதவீதம் கொறைஞ்சு போச்சு. அந்தப் பசை நெல்லோட மகசூல் 89 சதவீதம் கூடிப் போச்சு. 2000-ல ‘நேச்சர்’ பத்திரிகையில போட்டாங்க. கத்தரி இல்ல, லேப் இல்ல, வரிசையை மாத்தி நட்டாங்க, அவ்வளவுதான். இந்தச் சேதியை நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லிடாதே.

ரெண்டாவது வழி: யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசு. மானியத்துல இவ்வளவு சல்லிசா வேற என்ன கெடைக்குது? ஒரு மூட்டை போட வேண்டிய எடத்துல ரெண்டைப் போடு. பயிரு கருகருன்னு நிக்கும், ரோட்டுல போறவன் பஸ்ஸுல இருந்தே எட்டிப் பாப்பான், உன் பொண்டாட்டி வீட்டுல உனக்கு மரியாதை கூடும். தழைச்சத்து மிஞ்சுனா இலை மெதுவாகி, பயிரு அடர்ந்து, உள்ள காத்துப் போகாம ஈரம் நிக்கும். குலைநோய்க்கும் இலைக்கருகலுக்கும் அதைவிட வசதி வேற வேண்டாம். இலை வண்ண அட்டைன்னு ஒண்ணு வச்சிருக்கியே, அதைப் பயிருல வச்சுப் பாத்து, நெறம் வெளுத்தா மட்டும் யூரியா போடணும்னு காலேஜுல சொல்லிக் குடுத்தாங்கல்ல? அதை அலமாரியில பத்திரமா வை. வெயில்ல எடுத்தா சாயம் போயிடும்.

மூணாவது வழி: நோவு ஒண்ணு, மருந்து ஒண்ணு. இலைக்கருகல் பாக்டீரியான்னு டம்ளர் சொன்னாலும் காதுல வாங்காதே. கடைக்குப் போயி, ‘அண்ணே, இலை மஞ்சளா இருக்கு, நல்லதா ஒண்ணு குடுங்க’ன்னு கேளு. அவரு குலைநோய்க்கு அடிக்கற டிரைசைக்ளசோலை எடுத்து நீட்டுனா வாங்கிட்டு வந்து அடி. பூசணக்கொல்லிக்குப் பாக்டீரியா மசியாது. உன் பணம் போகும், நோய் இருக்கும், மருந்தும் நெல்லுல தங்கும். 2017 கடைசியில ஐரோப்பாக்காரன் அரிசியில அந்த மருந்து கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்ங்கறதை 0.01-ன்னு கொறைச்சதும் பாஸ்மதி வியாபாரிங்க முழிச்ச முழியை மறந்துடு. இலைக்கருகல் தெரிஞ்ச ஒடனே இருபது சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தெளிங்கன்னு நம்ம வேளாண் பல்கலைக்கழகம் எழுதி வச்சிருக்கு. அதைப் படிச்சு மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போயிடாதே, படிச்ச பையன்னு பேரு கெட்டுப்போயிடும்.

இதோட துணை வேலையும் உண்டு. நாத்து வளந்துபோச்சுன்னா நுனியைக் கிள்ளி நடு. கிள்ளுன வாய் வழியா பாக்டீரியா சொகமா உள்ள போகும். நோய் கண்ட வயல்ல இருந்து தண்ணியை அடுத்த வயலுக்குத் தெறந்துவிடு; பங்காளிக்கும் ஒரு பங்கு போகட்டும். வரப்புப் புல்லை வெட்டாதே; நெல்லு இல்லாத காலத்துல குலைநோய்க்கு அதுதான் மாமியார் வீடு.

நாலாவது வழி: விதைப் பையில என்ன எழுதியிருந்தாலும் நம்பு. ‘நோய் எதிர்ப்பு நெல்’னு கொட்டை எழுத்துல போட்டிருந்தா, எந்த நோய்னு கேக்காதே. இலைக்கருகலுக்குப் பூட்டு மாத்துன நெல்லு குலைநோயைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லாது. துங்ரோவுக்குத் திருத்துனது புகையான் பூச்சிக்குக் கேக்காது. ஆனைக்கொம்பன் ஈக்குக் கிரிஸ்பர்னா என்னன்னே தெரியாது. நெல்பழம்னு மணியில மஞ்சள் உருண்டை கட்டுமே, அதை லட்சுமி நோய்னு சொல்லி, வந்தா மகசூல் அமோகம்னு கும்பிடற ஜனம் நாம. நம்மகிட்ட ‘எல்லாம் தாங்கும்’னு ஒரு பையை நீட்டுனா வாங்காமலா போவோம்? அதுவும் பில்லு இல்லாம வாங்கு. பின்னால கேஸ் போட வழி இல்லாம இருந்தாத்தான் விக்கிறவனுக்கும் நிம்மதி, என் கட்சிக்கும் நிம்மதி.

இதுலயே உள்வழி ஒண்ணு இருக்கு: வரப்போற நெல்லுக்காகக் காத்திருந்து, வந்துட்ட நெல்லைத் திரும்பியே பாக்காதே. ஐதராபாத்துல சிசிஎம்பிங்கற ஆராய்ச்சி மையமும் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2008-லயே மேம்படுத்துன சம்பா மசூரின்னு ஒண்ணைக் குடுத்துட்டாங்க. கத்தரியே இல்ல, கலப்பு செஞ்சு, மரபணு அடையாளம் பாத்துப் பாத்துப் பொறுக்கி, இலைக்கருகலுக்கு எதிரா மூணு மரபணுவை ஒண்ணா அடுக்குனாங்க. அதுல எக்ஸ்ஏ13-ங்கறது என்ன தெரியுமா? முன்ன சொன்னேனே ஒரு பூட்டுத்துளை, அது இயற்கையிலயே மாறிப் போன சரக்கு. எக்ஸ்ஏ21 ஆப்பிரிக்கக் காட்டு நெல்லுல இருந்து வந்தது. டெல்லி பூசாக்காரங்க 2021-ல பாஸ்மதியிலயும் 1847, 1885, 1886-னு மூணு ரகத்தை விட்டாங்க. இலைக்கருகலுக்கு ரெண்டு, குலைநோய்க்கு ரெண்டுன்னு மரபணு சேத்து. மூணு நாலை அடுக்கறது எதுக்குன்னா, ஒரு பூட்டை நோய் ஒடைச்சாலும் அடுத்த பூட்டு நிக்கும். நம்ம தெருவுல போயி மேம்படுத்துன சம்பா மசூரின்னு கேட்டுப் பாரேன். ‘யாரு வீட்டுப் பொண்ணு?’ன்னு கேப்பான்.

என்ன மாப்ளே, எழுதறதை நிறுத்திட்டே? ‘மாமா, இந்த நாலும் நம்ம ஊர்ல வருசா வருசம் நடக்கறதுதானே’ங்கறியா? அடப்பாவி, அதுக்குள்ள கண்டுபுடிச்சுட்டியே! அதனாலதான் என் கட்சி இத்தனை வருசமா தேர்தல் செலவே இல்லாம ஜெயிச்சுக்கிட்டிருக்கு.

சரி, வயசாயிடுச்சு, ஒரு கட்சியில ரொம்ப நேரம் உக்கார முடியல, இடுப்பு வலிக்குது. நாட்டு வழக்கப்படி கட்சி மாறிடறேன். இனிமே சொல்றது நெல்லுப் பக்கம்.

கத்தரி மேல எனக்குக் கோவம் இல்ல. நல்ல கத்தரிதான். அதைக் கும்பிடவும் வேண்டாம், அதைக் கண்டு ஓடவும் வேண்டாம். ஆனா அது மாத்தறது விதையில இருக்கற எழுத்தை. நீ யூரியா அள்ளறதை, நாத்து நுனி கிள்ளறதை, ஊரோட ஒரே நெல்லு நடறதை எந்தக் கத்தரியும் வெட்டித் தராது. ஒரு எதிர்ப்பு மரபணு எத்தனை வருசம் தாங்கும்ங்கறதை லேப் பாதிதான் முடிவு பண்ணுது. மீதிப் பாதி வரப்புல நிக்கிறவன் கையில.

அந்த நெல்லு என்னைக்கு நம்ம பக்கம் வந்தாலும் வேளாண் ஆபீசுல போயி மூணு கேள்வி கேளு. எந்த நோய்க்கு, எத்தனை மரபணுவுல எதிர்ப்பு? ஒண்ணே ஒண்ணுன்னா சீக்கிரம் ஒடையும்னு வச்சுக்கோ. நம்ம டெல்டாவுல இருக்கற பாக்டீரியாவையும் பூசணத்தையும் ஏவிவிட்டுப் பாத்தீங்களா, இல்ல வெளியூரு நோயோட மட்டும் மல்லுக்கட்ட வச்சீங்களா? ஆடுதுறையில நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல இருந்து இருக்கு, அங்க வெளைஞ்ச கணக்கு எங்கே? மூணாவது, இந்த விதையை நான் எடுத்து வச்சு அடுத்த போகம் வெதைக்கலாமா? 2001 சட்டப்படி விதையைச் சேத்து வைக்க, வெதைக்க, அடுத்தவனோட மாத்திக்க நமக்கு உரிமை இருக்கு. செடிக்கும் விதைக்கும் நம்ம நாட்டுல காப்புரிமை கெடையாது. ஆனா கத்தரிக்குக் காப்புரிமை உண்டு, அதுக்குச் சொந்தக்காரன் வெளிநாட்டுல இருக்கான். அந்தக் கூலி யாரு தலையில விழுதுன்னு எழுத்துல சொல்லச் சொல்லு.

மூணுக்கும் பதில் நேரா வந்தா விதையை வாங்கு; பில்லோட வாங்கு. இருக்கற நெலத்துல ஒரு பங்குல அதைப் போடு, மீதியில வேற ரெண்டு ரகம் இருக்கட்டும். பக்கத்து வயக்காரன்கிட்டயும் பேசி, அவன் வேறதைப் போடட்டும். யூரியாவை அட்டை சொல்ற அளவுக்கு மேல ஒரு பிடி போடாதே. பதில் நேரா வரலேன்னா, அந்தப் பை எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் கடையிலயே வச்சுட்டு வந்துடு.